இயந்திரத்துக்கு ஒரு நெற்றி

ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், நடந்ததும் முன்பின்னாகத்தான் ஞாபகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் சாமி மேடையில், படங்களுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரத் துண்டு சாய்ந்திருக்கிறது. மேலே இரண்டு ஓட்டைகள், நடுவில் காய்ந்த சந்தனம்.

தொண்ணூறுகளில் லூபோக் சீனா பக்கம் ஒரு கையுறை ஆலையில் வேலை பார்த்தேன். அங்கே பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்கள்தான். கையுறை வார்க்கும் பீங்கான் கைகளைச் சுமந்து ஓடும் சங்கிலியைக் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வந்தது. மோட்டார் பக்கத்தில் அதற்கு ஒரு கண்ணாடிக் கண். சங்கிலி தடுமாறினால் அது பார்த்துவிடும், பழுது வருமுன்னே விளக்கு எரியும் என்றார்கள். அந்தப் பெட்டிக்கென்று வந்த டெக்னீஷியனை நாங்கள் தம்பி என்போம்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எப்போதும்போல எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். புதிதாக வந்ததாயிற்றே என்று அந்தக் கண்ணுக்கு நானே சந்தனம் குழைத்து அப்பினேன். மறுநாள் மெஷினை ஓட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்து, வரிசை முழுக்க நின்றுவிட்டது. இனி உள்ளே பூஜையே கூடாது என்றுவிட்டார் சூப்பர்வைசர். அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தை விட்டபோது கோயிலையும் விட்டு வந்தவர்கள் நாங்கள். கூடி நின்று கும்பிட அந்த ஒரு நாள்தான் மிச்சம்.

தம்பி சந்தனத்தைத் துடைத்தபடி, "போயும் போயும் இதுலயாக்கா வெச்சீங்க?" என்றார்.

"அதுதானே தம்பி நாள் முழுக்க நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கு."

"இவளுக்கும் வாய் இருக்குலா," என்றாள் பக்கத்தில் நின்றவள். அவ்வளவு பேசாதவள் நான்.

மறுநாள் அவர் ஒரு தகரத்தை வெட்டி, கண்ணுக்கு மேலே திருகாணி போட்டு முடுக்கினார். சூப்பர்வைசரிடம், "வருஷா வருஷம் வைக்கத்தான் போறாங்க பாஸ். இதுதான் அதோட நெத்தி, இங்க வைக்கட்டும்," என்றார். பூஜை நிற்கவில்லை.

அதன்பிறகு விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், இன்றைக்கு எப்படி ஓடுகிறது அக்கா என்று காலையில் என்னிடம் வந்து கேட்பார். மழையென்றால் பின்கதவைச் சாத்துவோம், அப்போது சங்கிலி முனகும் என்பேன். அதையும் பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பார். வேலையிடத்தில் என்னிடம் ஒன்றைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ஜொகூருக்குப் போய்விட்டார். ஆலையை மூடியபோது தகரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது புக்கிட் பெருவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். துணி துவைக்கும் மெஷின் தானே பாட்டுப் பாடி, வேலை முடிந்தது என்கிறது. என்னை ஒன்றும் கேட்பதில்லை. ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைக்கிறேன், தகரத்துக்கும் வைக்கிறேன்.

தம்பி கோலா சுங்கை பாருக்காரர் என்று நினைவு, தப்பாகவும் இருக்கலாம். கூட வேலை பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவரே வந்து சொன்னால் இன்னும் நல்லது. தகரம் இங்கேதான் இருக்கிறது.