ஹில்ட்ரூட் அத்தையின் தலைகழுவும் தொட்டி

என் அப்பாவின் அக்கா ஹில்ட்ரூட், ஜெர்மனியில் எங்கள் ஊரான மன்ஹைமில் முடிதிருத்துகிறவர். கடை கிடையாது. எழுந்து உட்கார முடியாதவர்களின் வீடு தேடிப் போய்த் தலைகழுவி முடிவெட்டிவிடுவார். அத்தையின் விரல் பட்டால் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் சொக்கிப்போகும். கண் மூடும், வாய் திறக்கும், குறட்டை கிளம்பும். அந்த வாயில் மிட்டாய் போடப் போய் நான் காது திருகு வாங்கியிருக்கிறேன்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்த குளிர்காலத்தில், படுக்கை நனையாமல் தலைகழுவுவதற்கென்று அத்தை ஒரு தொட்டி செய்தார். காற்றடித்தால் தலையணை மாதிரி உப்பும். கழுத்து பதிகிற இடத்தில் உதடு போல ஒரு மடிப்பு. பாரம் ஏற ஏற அது இறுகும், சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. தலை வெந்நீரில் மிதக்க, அம்மா ஏதோ கடற்கரையில் இருப்பதாக உளறுவாள்.

அந்த மடிப்புக்கு அத்தை காப்புரிமை வாங்கினார், ஐரோப்பாவின் பதினெட்டு நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாக. பிறகு ஒரு டச்சு நிறுவனம் அதே மடிப்போடு தொட்டி விற்கத் தொடங்கியது. அத்தனை நாடுகளுக்கும் பொதுவான நீதிமன்றத்தின் கிளை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அத்தை டிராம் ஏறிப் போய் வழக்குப் போட்டார். வக்கீல் ஐசெலே முதலிலேயே எச்சரித்தார்: "ஜெயிச்சா எல்லா நாட்டுலயும் ஜெயிச்ச மாதிரி. தோத்தா காப்புரிமையே எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல போயிடும்."

டச்சுக்காரர்கள் ஒரு புகைப்படத்தோடு வந்தார்கள். எங்கள் தெருவிழா. வறுபடும் தொத்திறைச்சியின் புகைக்கு நடுவே, தொட்டியில் தலைவைத்துத் தூங்குகிறார் கீழ்வீட்டு குனோ. காப்புரிமைக்கு அத்தை விண்ணப்பம் போட்டது அதற்கு அடுத்த வாரம். சட்டப்படி முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் ஊருக்குக் காட்டலாம். எங்கள் தெருவில் எல்லாம் தலைகீழ். கேக்கோ பறவைக்கூடோ, புதிதாக எதைச் செய்தாலும் முதலில் தெருவிழாவுக்கு வந்தாக வேண்டும். கொண்டுவராதவரைக் கஞ்சன் என்பார்கள்.

ஆனால் படத்தில் மடிப்பின் மேல் ஒரு துண்டு கிடந்தது. ஐசெலே குதூகலித்தார். மடிப்பை யாரும் பார்த்திராவிட்டால் காப்புரிமை பிழைக்கும் என்றார். குனோ போய்ச்சேர்ந்துவிட்டார். மற்றவர்களுக்கு அன்றைய பீரைத் தவிர எதுவும் நினைவில்லை. துண்டு விலகியதா என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும்.

விசாரணை நாளில் வெளியே பனிமூட்டம். நீதிமன்ற அறைக்குள்ளும் வெளிச்சம் பால் மாதிரி மிதந்தது. நீதிபதிகளில் ஒருவர் இத்தாலிக்காரர், அவருடைய சுருள்முடியையே அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறை மெல்ல ஆவியால் நிறைந்ததாம். பதினெட்டு நாடுகளும் தலைவிரித்து வரிசையாகப் படுத்துக்கொண்டு, வெந்நீருக்காகக் கண்மூடிக் காத்திருந்தனவாம். அத்தை பிறகு சொன்னது. நான் சிரித்தேன், ஆனால் எனக்கும் அது கண்முன்னே தெரிந்தது.

"திருமதி ட்செல்லர், அந்தத் துண்டு விலகவே இல்லைங்களா?" என்று அத்தையைக் கேட்டார் தலைமை நீதிபதி.

ஒரு 'இல்லை' போதும்.

"விலக்கினேனே," என்றார் அத்தை. "கேட்டவங்களுக்கெல்லாம் காட்டினேன். குனோவோட விரலைப் பிடிச்சு மடிப்புக்குள்ள விட்டே காட்டினேன்."

தீர்ப்பு வந்தது. பதினெட்டு நாடுகளிலும் காப்புரிமை ஒரே மூச்சில் செத்தது. இனி யார் வேண்டுமானாலும் அந்தத் தொட்டியைச் செய்யலாம்.

அன்று மாலை ஒரு வீட்டில் அத்தை தலைகழுவ, நான் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பொறுக்காமல் கேட்டேன்: "ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா என்னவாம்?"

அத்தை நுரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"குனோ அன்னிக்கு அந்த மடிப்பையே அழுத்தி அழுத்திப் பாத்துட்டு, சின்னப்புள்ள மாதிரி சிரிச்சாருடி. அவர் அதைப் பாக்கவே இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

பதிலாகச் சொல்ல என்னிடம் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. தண்ணீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, மெதுவாக ஊற்றினேன்.