கார்டுக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஓர் இன்சூரன்ஸ் கார்டின் நெற்றியில் பொட்டு பார்த்தேன். கார்டுக்கு ஏது நெற்றி என்கிறீர்களா? செல்வி அக்கா பொட்டு வைத்தால் அதுதான் நெற்றி!

அக்கா கொச்சியில் மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் பூ விற்கிறார். கணவர் முருகேசன் அண்ணன் மிளகு குடோனில் மூட்டை தூக்குகிறவர். தூக்கித் தூக்கி ஹெர்னியா. ஆபரேஷன் செய்யாமல் இனி மூட்டையைத் தொடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். தொடாவிட்டால் அடுப்பு எரியுமா? நல்லவேளை... ஏழைக் குடும்பங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் கார்டு இருந்தது. போன வருட முகாமில் வாங்கியது. ஆபரேஷன் இலவசம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் தெருவில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கவுண்டரில் பேச என்னைத்தான் இழுப்பார்கள். போனேன்.

கவுண்டரில் இருந்த மலையாளச் சேச்சி கார்டை ஸ்கேனரில் காட்டினார். திருப்பிக் காட்டினார். ம்ஹூம்.

"இதெந்தா? பொட்டு மாத்திரம்தான் காணுது!"

முன்பக்கம் ஸ்கேன் செய்யும் கட்டம், கார்டு நம்பர் — இரண்டின் மேலும் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வச்சது தம்பி. அவர் மூட்டை தூக்குற கொக்கிக்கு ஒண்ணு, என் கத்தரிக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. இதுவும் நம்மளக் காப்பாத்துறதுதானே?"

மறுக்க முடியுமா? கைக்குட்டையை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காத! புருஷன் கத்திக்குப் போற நேரத்துல குங்குமத்தைத் தொடைப்பாங்களா? படிச்சா இதெல்லாம் மறந்துருமா?"

"சேட்டா, பூஜை கழிஞ்சோ?" — பூஜை முடிந்ததா என்று வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்.

துடைக்காமல் ஸ்கேன் ஆகாது. ஸ்கேன் ஆகாமல் அட்மிஷன் இல்லை. பெஞ்சில் வயிற்றைப் பிடித்தபடி இருந்த அண்ணன்தான் வாய் திறந்தார்.

"ஏ செல்வி, அதை இங்க வை. என் நெத்தி சும்மாத்தானே கெடக்கு!"

அக்கா நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளங்கையில் வாங்கி, சொட்டுத் தண்ணீரில் குழைத்து, அண்ணன் நெற்றியில் இட்டார். மிச்சம் தன் நெற்றிக்கு.

"தொடைக்கல தம்பி. எடம் மாத்திருக்கேன்."

பீப்!

"இப்ப சரியாயி," என்று சேச்சியும் சிரித்துவிட்டார்.

கார்டு எங்கள் தெருவரை வந்துவிட்டது — பெரிய விஷயம், சந்தோஷம். ஆனால் ஒன்று யோசித்தேன். கொக்கிக்கு வைத்த பொட்டு மறுநாள் வேலையிலேயே அழிந்துவிடும். கார்டு மட்டும் சாமி படத்தடியிலேயே தங்கிவிடுகிறது. ஏன்? சாகக் கிடந்தால்தான் எடுக்கணும் என்று பலருக்கு எண்ணம். கொக்கி மாதிரி இதுவும் வேலைக்கு எடுக்கிற சாமான்தான் என்று முகாமில் யாராவது சொன்னார்களா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்று பார்க்கப் போனேன். அண்ணன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அக்கா கார்டை எடுத்து நீட்டினார். புத்தம்புதுப் பொட்டு!

"மொறைக்காத தம்பி... பின்பக்கம்தான் வச்சிருக்கேன்."