பெரிய எண்

அடி அண்ணாமலை கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அருணாதேவிக்குப் பிடிக்காமல் போனவை பல. அந்த இரண்டு பகடைகளைப் போல அவளுக்கு எரிச்சல் மூட்டியது வேறெதுவும் இல்லை.

கிரிவலப் பாதையில் கடை போடும் பதினொரு குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம். நடந்து களைத்த ஜனம் உட்காருவது புளியமரத்தடி வளைவில்தான். அங்கே கடை போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடம் யாருக்கென்று பௌர்ணமிக்கு முதல் நாள் பகடை உருட்டுவார்கள். இரண்டு முதல் பன்னிரண்டு வரை, குடும்பத்துக்கு ஓர் எண். கூட்டுத்தொகை யாருடைய எண்ணோ, இடம் அவருக்கு. பார்வைக்கு என்னவோ பெரிய நியாயம்தான்!

எண் பிரித்த காலத்தில் மாமனார் இருசப்பன் முண்டியடித்துப் பன்னிரண்டை எடுத்தாராம். இருப்பதிலேயே பெரிசாம். பழக்கடைத் தருமன் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ நடுவில் கிடக்கிறதே, அது போதும் என்று ஏழாம் எண்ணை வாங்கிக்கொண்டார். பெரிய எண்ணின் பெருமையிலேயே மாமனார் செத்தும் போனார். அவர் விட்டுப்போன சர்பத் கடை, கழிப்பறை வண்டிக்குப் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

அருணாதேவி கணக்கில் பட்டம் வாங்கியவள். கணவன் பாலாஜியிடம் ஒரு நாள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"ஏங்க, ரெண்டுலயும் ஆறு விழுந்தாதான் பன்னெண்டு. வேற வழியே கிடையாது. ஏழுக்கு அப்படி இல்ல. ஒண்ணும் ஆறும், ரெண்டும் அஞ்சும், மூணும் நாலும், இந்தக் கட்டைல இருக்கறது அந்தக் கட்டைல விழுந்தாலும் ஏழுதான். மொத்தம் ஆறு வழி. பழக்கடைக்காரருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ விழுந்தா, நமக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ விழுந்தாலே ஜாஸ்தி."

பல் குத்திக்கொண்டே கேட்ட பாலாஜி, அப்பா எடுத்த எண்ணைக் குறை சொல்லாதே என்றான். சீ, இதுவும் ஒரு வாயா என்று அவளுக்கு வந்தது.

அவள் விடவில்லை. இரண்டு, மூன்று, பதினொன்று என்று ஏமாந்து கிடந்த வீடுகளுக்கெல்லாம் நடந்தாள். தரையில் கோடு போட்டுக் காட்டினாள். பகடையைத் தூக்கிப் போட்டுவிட்டு முறை வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் பாலாஜியும் முனகிக்கொண்டே தலையாட்டினான்.

கூட்டத்தில் தருமன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மறுக்கவில்லை. அடுத்த பௌர்ணமியிலிருந்து முறை வைத்துக்கொள்வோம், வழக்கத்தை மதித்து இந்த ஒரு தடவை மட்டும் உருட்டிவிடலாம் என்றார். எல்லோரும் சரி என்றார்கள். அவரே உருட்டினார்.

ஆறு. இன்னொன்றும் ஆறு.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தருமன் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "அண்ணாமலையாரே சொல்லிட்டாரும்மா. இதுக்கு மேல இன்னா கணக்கு?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. முறையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று முதலில் எழுந்து சொன்னவன் பாலாஜிதான்.

மறுநாள் புளியமரத்தடியில் கூட்டம் மொய்த்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து அவள் விரல் எரிந்தது. தருமன் வந்து ஒரு சர்பத் வாங்கிக் குடித்தார்.

"பன்னெண்ட மட்டும் யாருக்கும் விட்டுடாத தம்பி," என்றார்.

"விடுவனாண்ணே?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்த பாலாஜி, அவரிடம் காசு வாங்க மறுத்துவிட்டான்.