அடியில் வைத்த சீட்டு

கண்டியில், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு பாட்டுக் கச்சேரி வைக்கிற ஹோட்டலில் எனக்கு வேலை. சாப்பிட வருகிறவர்கள் விரும்பிய பாட்டைச் சீட்டில் எழுதித் தருவார்கள். நான் மேடைக்குக் கொண்டுபோவேன். தமிழ்ப் பாட்டு கேட்ட சீட்டுகளை அடியில் வைக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். அவற்றின் முறை வரும்போது பாட்டுக்காரர்கள் கச்சேரியை முடித்து மைக் வயர் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் கலகெதரயிலிருந்து வந்த குடும்பமொன்று, தாங்கள் கேட்ட தமிழ்ப் பாட்டு வருமென்று, தட்டுகளை எடுத்த பிறகும் எழும்பாமல் இருந்தது. அவர்கள் சீட்டை மேலே வைத்தேன். பாடினார்கள். "சீட்டைக் கொண்டுபோறதோட உன் வேலை முடிஞ்சிருச்சு" என்று மேனேஜர் ஏசினார்.

அந்தக் கோபத்தில்தான், சீட்டு கொண்டுபோகிற ஒருத்தியைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் பதிப்பாளர் ஒருவர் படித்துவிட்டு, "சீட்டு கொண்டுபோறவ கதாநாயகியா? பாடுறவளை முன்னுக்குக் கொண்டுவாங்க" என்றார்.

முடியாது என்றேன். அவளைத் திரும்பவும் அடியில் வைப்பதற்கு நான் எழுதவில்லை.