மகளுக்கு என்று எடுத்த புத்தகம்

"மகளுக்கா?" என்று நூலகர் அம்மா கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

என் கையில் இருந்தது ஆங்கிலத்தில் ஒரு ரஷ்ய நாவல். இரண்டு பாகத்தில் முதல் பாகம், செங்கல் கனம். நான் பத்தாவது பாஸ். அனுமந்தன்பட்டியில் மாவு மில் ஓட்டுகிறவன். அதே நாவலைச் சுருக்கித் தமிழில் போட்டிருந்ததை முன்பே படித்திருந்தேன். அதில் ஒரு நல்ல மனுஷன் ஒரே பத்தியில் செத்துப்போவான். என்ன ஆனது, யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் கிடையாது. முழுசாக வேண்டுமென்றால் உத்தமபாளையம் நூலகத்தில் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

மில்லில்தான் படிப்பேன். அரைபடும்போது கண் தேவையில்லை, காது போதும். மேலே கொட்டிய தானியம் தீரப்போனால் மெஷின் சத்தம் மாறும், எழுந்து போவேன். அதுவரை மடியில் நாவல், பக்கத்தில் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வைத்திருந்த அகராதி. முதல் மாதம் ஒரு நாளைக்கு அரைப் பக்கம். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பதைப் பார்த்துப் பலர் மூடி வைத்துவிடுவார்களாம். எனக்கு அதில் சிரமமே இல்லை. எங்கள் ஊரிலும் ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒன்று, பட்டப்பெயர் ஒன்று. அரைக்க வரும் வாளிகளில் நான் சாக்பீஸால் எழுதுவது பட்டப்பெயரைத்தான்.

புதனும் சனியும் மிளகாய் அரைக்கும் நாள். அன்று படித்த பக்கங்களை மறுபடி திறந்தால் கண் எரியும்.

தவணை முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். "பாப்பா இன்னும் முடிக்கலையா?" என்பார் நூலகர் அம்மா. "முடிச்சிரும்" என்பேன்.

ஒரு நாள் போன் வந்தது. நூலகத்தில் விழாவாம், சிறந்த வாசகர் பரிசு என் மகளுக்காம். கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தப் புத்தகத்தைத் தூக்கி எடை பாத்ததோட சரிப்பா. நீங்களே போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க."

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மேடையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இந்தத் தகப்பனாருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் மகளுக்காக உலக இலக்கியத்தைச் சுமந்து செல்கிறார்!" கைதட்டல். பிறகு நாவலைப் பற்றிப் பேசினார். அந்த நல்ல மனுஷன் போர்க்களத்தில் குண்டடிபட்டு வீரமாகச் செத்தான் என்றார். காய்ச்சலில் நாற்பது பக்கம் கிடந்து செத்தவன் அவன். தண்ணீர் கேட்டான், கொடுக்க ஆள் இல்லை. அந்த நாற்பது பக்கத்தைக் கடக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. மூன்று மாதமும் அவன் பக்கத்தில் இருந்தவன் நான்.

சால்வை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். "நான்தான் படிச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

சிரித்தார்கள். கூட்டம் மொத்தமும் சிரித்தது.

நூலகர் அம்மா மைக்கை வாங்கி, "அண்ணே தமாஷாப் பேசுவாக" என்றார். மறுபடி கைதட்டல். சால்வையோடு இறங்கி வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பேராசிரியரை மனதுக்குள் கிழி கிழி என்று கிழித்தேன். அந்த நாவலில் வரும் குமாஸ்தாக்களும் இப்படித்தான். மேலதிகாரி முன்னால் வாயடைத்து நின்றுவிட்டு, தெருவில் போகும்போது பதில் சொல்வார்கள்.

மூன்றாம் நாள், படித்து முடித்த முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

"ரெண்டாம் பாகம் வேணும்."

"பாப்பாவுக்குத்தானே?"

"எனக்கு."

"சும்மா இருங்கண்ணே, அன்னைக்கே சிரிச்சு முடியல."

முதல் பாகத்தை விரித்து அவர் மேஜை மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். நடு மடிப்பில் கிடந்த மிளகாய்த் தூள் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தும்மினார். கண்ணில் தண்ணீர்.

"எம்மகளா மில்லுல உக்காந்து படிச்சா? அந்தாளு குண்டடிபட்டுச் சாகல மேடம். காய்ச்சல்ல செத்தான். அந்தப் பக்கத்தத் தொறந்து மோந்து பாருங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நூலகர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரங்களில் சிவப்பாக என் கட்டைவிரல் ரேகை.

பிறகு கத்தினார். "ஏண்ணே, படிக்கிறவுக இப்பிடியா புத்தகத்தப் பாழாக்குவாக? கையக் கழுவிட்டுத் தொடக் கூடாது?"

மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சால்வையை மிளகாய் மூட்டைக்குப் போர்த்தி வைத்திருக்கிறேன்.