மூன்று நூல் மயில்கழுத்து

மயில்கழுத்து நிறத்தில் நூல் கேட்டால் அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்காரர் நீல நூற்கண்டை எடுத்து வைப்பார். அடுத்த கடைக்காரர் பச்சையை எடுத்து வைப்பார். "இதுதாம்மா மயில்கழுத்து" என்று இருவருமே அடித்துச் சொல்வார்கள். சேலை நெய்கிற ஊர். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்வதுதான் மயில்கழுத்து, அதை ஒற்றை நூலில் கொடுக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வந்த ஆளை விடக்கூடாது, அவ்வளவுதான்.

நூல் என் அக்காவுக்காக. அத்தான் இறந்ததிலிருந்து அவள் சாம்பலும் காப்பிக்கொட்டையும் தவிர வேறு நிறம் உடுத்துவதில்லை. அவள் மகளுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. அதற்காக மகளே எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துச் சேலையை அக்கா பீரோவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள்.

"நீலம்னா கூடப் பரவாயில்லடி. பச்சையாத் தெரிஞ்சா ஊரு சிரிக்கும்."

"அப்ப நீலம்னு வச்சுக்க."

"வெயில்ல பச்சையால்ல அடிக்குது! விடு, நான் ஓரமா நின்னு பாத்துட்டு வந்துருவேன். அதுக்கு எதுக்கு இந்தச் சேல?"

அந்த 'ஓரமா' என்ற சொல்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ரவிக்கைக் கைக்கு நானே லேஸ் போட்டுத் தருகிறேன், நீ உடுத்தித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத நேரத்தில் டாட்டிங் என்கிற கைலேஸ் போடுவேன். தறி நாடா மாதிரி, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓடத்தில் நூலைச் சுற்றி, விரல்களில் வளையமாகப் பிடித்து, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு இழுத்தால் குட்டிக் குட்டி வளையமாகச் சுருங்கும். ஆதார் அட்டையோடு வருபவர்கள், "என்னக்கா, மீன் வலையா?" என்பார்கள். கண்மாயில் தண்ணீரே இல்லாத ஊரில் இந்தக் கேள்வி.

நீல லேஸ் வைத்தால் சேலை நீலமாகிவிடும், பச்சை வைத்தால் பச்சையாகிவிடும். எதையும் முடிவாகச் சொல்லாத லேஸ்தான் வேண்டும். மெல்லிய தையல் நூலில் நீலம் ஓர் இழை, பச்சை ஓர் இழை எடுத்து, சேர்த்து ஓடத்தில் சுற்றினேன். பள்ளிக்கூட யூனிபார்ம் மாதிரி விறைப்பாக வந்தது. மூன்றாவதாகக் கத்திரிப்பூ நிறத்தில் ஓர் இழையைச் சேர்த்தேன். மற்ற இரண்டும் சண்டையை நிறுத்திக்கொண்டன. ஆனால் நூற்கண்டுகள் தரையில் உருண்டதில் ஓர் இழை தொய்ந்து, வளையம் பாதியில் சிக்கி நின்றது. டாட்டிங் முடிச்சு சிக்கினால் பிரிக்க வராது. வெட்டிப் போட்டேன். பிறகு மூன்று கண்டுகளையும் மூன்று டம்ளருக்குள் நிறுத்தி ஒரே இழுப்பாகச் சுற்றினேன். என் வீட்டுக்காரர் அன்று காப்பியைச் சொம்பில் குடித்தார்.

லேஸ் தைத்த ரவிக்கையை அக்கா டியூப்லைட்டில் பார்த்தாள், வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன கலருடி இது?"

"எனக்கே தெரியல."

அப்போதும் உடுத்துவேன் என்று சொல்லவில்லை. வளைகாப்பன்று காலை பஸ்ஸுக்கு அவள் அந்தச் சேலையில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. "கொசுவம் சரியில்ல" என்று அதட்டி மறைத்துக்கொண்டேன்.

திருச்சுழியில் பந்தலுக்குள் நுழைந்ததும் சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருத்தி மேலும் கீழும் பார்த்தாள். "பச்சையா உடுத்திருக்கீக?" என்றாள். அக்காவின் கை என் கையைத் தேடியது.

"பச்சையா? நீலம்ல அது," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒனக்குக் கண்ணு தெரியலயா? அந்த லேஸப் பாரு, பச்ச."

"லேஸப் பாத்துத்தான் சொல்றேன். நீலம்."

மூன்றாவதாக ஒருத்தி வந்து கத்திரிப்பூ என்றாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் அக்காவைக் கவனிக்கவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்த மகள் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள்.

"சீக்கிரம் வந்து வளையலப் போடும்மா. அவுக முடிவு பண்றதுக்குள்ள."

அக்கா ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனாள்.