இரண்டு கிண்ணச் சீட்டு

நவமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. வாரத்தில் ஆறு நாள் தோட்டத்தில் தேயிலை வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையைப் பிடிப்பாள். ஞாயிறு பிற்பகலில் தானா ராத்தா டவுனில், நாத்தனார் விக்னேஸ்வரியின் பூக்கடை மூலையில் பிளாஸ்டிக் மேசை போட்டு, டாரோட் படச்சீட்டில் குறி சொல்வாள். தோட்டத்து லயங்களின் வரிசை வீட்டு ஆட்கள் அதைக் கிளியில்லாத கிளி ஜோசியம் என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

முன்பு விருந்தினர் விடுதியொன்றில் அறை கூட்டப் போனபோது யாரோ வெள்ளைக்காரி விட்டுப்போன சீட்டுக்கட்டு அது. மூன்று மாதம் யாரும் கேட்டு வராததால் விடுதிக்காரர் அவளிடமே கொடுத்துவிட்டார். பள்ளியை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவள், கூட இருந்த ஆங்கிலப் புத்தகத்தைக் கைப்பேசியில் சொல் சொல்லாகத் தேடி இரண்டு வருடம் படித்தாள். எழுபத்தெட்டுச் சீட்டுக்கும் பள்ளி நோட்டில் தமிழில் பொருள் எழுதினாள். யாருக்கு என்ன சொன்னாள், அது பலித்ததா என்பதும் அதில் இருக்கும். பலிக்காதவற்றின் கீழே சிவப்புக் கோடு. புருஷன் மாடசாமி பக்கவாதத்தில் படுத்த ஒன்பது வருடமும், அந்த நோட்டோடு உட்கார்ந்த நேரம்தான் அவள் ஓய்வு. அவன் போய் இரண்டு வருடமாகிறது. உடம்பில் ஏறிய களைப்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை.

சீட்டில் அவளுக்கு ஒரே கட்டுப்பாடுதான். விழுந்ததை மாற்றிச் சொல்லக் கூடாது.

அந்த ஞாயிறு மழை விட்டதும் விக்னேஸ்வரி கடை வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அண்ணி, உங்க ஜோடி வர்றாரு லா! சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு!”

வந்தவர் அர்ஜுனன். அந்த இயந்திரத்தின் மறுமுனை அவருடையது. தேயிலைச் செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் ஒரே உயரத்தில் பிடித்து, ஒரே அளவில் அடி வைத்து நடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் கத்தி சாய்ந்து கொழுந்தோடு குச்சியையும் அறுத்துவிடும். கங்காணியிடம் ஏச்சுக் கேட்க வேண்டியிருக்கும். பதினோரு வருடத்தில் இவர்கள் கேட்ட ஏச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். கனமான இஞ்சின் பக்கத்தை அர்ஜுனன்தான் பிடிப்பார். அதனால் நவமணி அவரை அண்ணன் என்றோ வேறு எப்படியோ கூப்பிடாமல், இஞ்சின்காரரே என்பாள்.

அவருக்கு இந்த மாதக் கடைசியில் அறுபது முடிகிறது; அதோடு வேலைக்கு ஓய்வு. வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டத்தை விட்டுத் தள்ளி, லெம்பா பெர்த்தாமில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார். அவரும் தாரமிழந்தவர். போன வாரம் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றும்போது, தலை நிமிராமல் கேட்டார்: “நீயும் வந்திரேன் மணி. கோயில்ல மாலைய மாத்திக்குவோம்.” அவள் கத்தியைத் துடைக்கப் போய்விட்டாள். போனால் இன்னும் ஆறு வருட வேலையையும், தனக்கென்று இருக்கும் இரண்டு அறை வீட்டையும் விட வேண்டும்.

அர்ஜுனன் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பாத்துச் சொல்லு.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு ஒனக்குத் தெரியும். நீ ஒரு வாரமா வாயத் தொறக்கல. கார்டாச்சும் சொல்லட்டும்.”

தன் காரியத்துக்கு அவள் சீட்டெடுத்ததே இல்லை. மறுத்திருக்கலாம். மறுத்தால் நாளை நிரையில் மறுபடி கேட்பார். கட்டைக் கலைத்து நீட்டினாள். அவர் தடித்த விரலால் ஒன்றை உருவிப் போட்டார்.

இரண்டு கிண்ணம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆளுக்கொரு கிண்ணம். மேலே இறக்கை முளைத்த சிங்கத்தலை. நோட்டில் அவள் எழுதியிருந்தது: சமமான துணை, மனம் ஒத்த இருவர், கேட்டது கைகூடும். இந்தச் சீட்டுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடுகூடக் கிடையாது.

கெட்ட சீட்டு என்று சொன்னால் தீர்ந்தது. அவருக்கு என்ன தெரியப்போகிறது? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

“நல்ல கார்டு. ஜோடிக்கு இதவிட நல்லது இந்தக் கட்டுல இல்ல.”

அர்ஜுனன் முகம் மலர்ந்தது. படத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“இந்த ஆளு ஒரு கைய நீட்டுறானே. குடுக்கவா, வாங்கவா?”

அதற்கு நோட்டில் எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதும் இல்லை. பெண் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருப்பதை நவமணியும் அப்போதுதான் கவனித்தாள்.

“நீங்க எடுத்த கார்டு. நீங்களே சொல்லுங்க.”

அவர் படத்தில் நீட்டிய கையை விரலால் தொட்டார். வேறு ஆளாக இருந்தால் குடுக்கத்தான் என்று சொல்லியிருப்பார்.

“வாங்கத்தான் மணி,” என்றார். “முட்டி போச்சு. தனியாக் கெடந்து போயிருவேனோன்னு பயமா இருக்கு. ஒருத்தர் இருந்தா தேவலன்னு தோணுது.”

“அதச் சொன்னீங்களே, அது போதும்.” அவள் சீட்டை எடுத்துக் கட்டுக்குள் வைத்தாள். “கார்டு ஆமாங்குது. நான் வரல.”

“அப்ப கார்டு பொய்யா?”

“பொய்யில்ல. பதினோரு வருசம் நாம ஒரே நிரையில நடந்தோம்ல, அதத்தான் காட்டுது. அவருக்கு ஒம்போது வருசம் பீ மூத்திரம் அள்ளிட்டேன். இன்னொருத்தருக்கு அள்ள ஒடம்புல தெம்பு மிச்சமில்ல. நீங்க நல்லவருங்கிறதால அது கூடிறாது.”

“நான் படுத்துருவேன்னே முடிவு கட்டிட்டியா?”

“படுக்காம இருக்கணும்னுதான் சாமி கும்பிடுறேன். வரமாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, “சரி லா” என்றார். மேசை விளிம்பைப் பிடித்து, ஒரு காலை நீட்டி, மெல்ல எழுந்தார். பாதியில் முட்டி பிடித்துக்கொள்ள அப்படியே நின்றார். நவமணியின் உடம்பு தன்னால் நாற்காலியை விட்டு எழப்பார்த்தது; ஒன்பது வருடப் பழக்கம். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் தானே நிமிர்ந்து, படியிறங்கி, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

விக்னேஸ்வரி ரோஜாவுக்கு முள் நறுக்கியபடியே கேட்டாள்: “என்னவாம் அண்ணி?”

“முட்டி வலியாம்,” என்றாள் நவமணி.